ஏறுகிற வழியில் நின்ற கண்டக்டர்

தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே கண்டக்டரைவிடப் பிடிவாதமான ஆள் ஒருவர் இருக்கிறார் என்று யாராவது உங்களிடம் சொன்னால், சொன்னவர் இன்னும் கண்டக்டரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பஸ்ஸிலிருந்து ரிட்டயர் ஆகி ஆறேழு வருஷம் ஆகிறது. பெயர் என்று ஒன்று இருக்கும். அவர் வீட்டு கேஸ் புத்தகத்தைப் பார்த்தால் தெரியலாம். சிட்லபாக்கத்தில் எங்கள் நாலு தெருவுக்கும் அவர் கண்டக்டர்தான்.

எனக்கு அவர் பழக்கமானது நாயால். கொரோனா சமயத்தில் என் மகள் ஆசையாக ஒரு லேப்ரடார் வாங்கினாள். பிறகு பெங்களூரில் வேலை கிடைத்தது. துணிமணியை எடுத்துக்கொண்டாள், சார்ஜரை எடுத்துக்கொண்டாள், கோகோவை எனக்கு விட்டுவிட்டாள். காலையில் வெளியே கூட்டிப்போகாவிட்டால் அது சோபாவைத் தின்னும்.

கண்டக்டருடையது தெரு நாய். பெயர் சில்லறை. ஏன் அப்படி என்று கேட்டேன்.

“நாம தேடும்போது இருக்காது சார். தேவையே இல்லாதப்போ காலாண்ட வந்து குந்திக்கும்.”

அந்தச் சில்லறையை ஒரு பைக்காரன் இடித்துவிட்டான். இடுப்பில் அடி. தார் ரோட்டில் நடக்கவிடக் கூடாது, புல்தரையில் தினம் அரை மணி நேரம் நடந்தால்தான் பின்னங்கால் தேறும் என்று நாய் டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் புல் என்று இருப்பது ஒரே இடத்தில்தான். கல்யாண மண்டபத்துப் பந்தி ஹால் அளவுக்கு ஒரு பார்க். அதன் வாசலில் ‘நாய்களுக்கு அனுமதி இல்லை’ என்று போர்டு.

வேறு யாராவது என்றால் மனு எழுதியிருப்பார்கள். கண்டக்டர் தினமும் காலையில் கவுன்சிலர் வீட்டுக்குப் போய் ஒரு வணக்கம் வைத்தார். அவ்வளவுதான். என்ன விஷயம் என்று கேட்டால், பார்க் போர்டைப் பற்றி நீங்களே யோசித்திருப்பீர்கள், அதான் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்பார். மழை நாளில் குடையோடு வணக்கம். பொங்கலன்று கரும்போடு வணக்கம். கவுன்சிலர் திருப்பதி போயிருக்கிறார் என்று சொன்னபோது, அவர் உட்காரும் நாற்காலிக்கு ஒரு வணக்கம். இரண்டாவது மாதம் கவுன்சிலரின் மனைவியே புருஷனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். அந்த மனுஷன் கேட்பதைக் கொடுத்துத் தொலையுங்கள், என் வீட்டு வாசலில் நான் நிம்மதியாகக் கோலம் போட்டு எத்தனை நாளாகிறது என்று.

அனுமதி வந்தது. காலை ஆறிலிருந்து ஏழு வரை, சங்கிலியோடு.

அனுமதி வந்ததும் கண்டக்டருக்கு டூட்டி ஆரம்பமாகிவிட்டது. பார்க்குக்கு இரண்டு கேட். பின்கேட்டில் நாய்கள் ஏற வேண்டும், முன்கேட்டில் இறங்க வேண்டும். “ஏறுறவனும் எறங்குறவனும் ஒரே வழியில மோதிக்கினா அது பஸ்ஸு இல்ல சார், சந்தை” என்பது அவர் சித்தாந்தம். ஆறடிக்கு ஒரு நாய் என்று வரிசையில் நிறுத்தி விசில் ஊதித்தான் உள்ளே விடுவார். நாய் வைத்துவிட்டுப் போகும் சமாசாரத்துக்கு அவர் அகராதியில் லக்கேஜ் என்று பெயர். லக்கேஜை விட்டுவிட்டு யாரும் இறங்கக் கூடாது. எல்லோர் கையிலும் பழைய பேப்பர் இருக்கிறதா என்று செக்கிங் உண்டு.

ஒருநாள் முன்கேட் கிட்டத்தில் இருக்கிறதே என்று கோகோவோடு அந்த வழியாக நுழைந்துவிட்டேன். பார்க்கை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிப் பின்பக்கமாக வரச் சொல்லிவிட்டார். கவுன்சிலரின் மச்சான் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டோடு அதே தப்பைச் செய்தபோதும் அதே தண்டனைதான். மச்சான் முறைத்தார். நாய்கூட முறைத்தது. கண்டக்டர் விசில் ஊதினார்.

இவ்வளவும் நடக்கும்போது சில்லறை எங்கே என்றுதானே கேட்கிறீர்கள். பின்கேட்டுக்கு வெளியே.

அது உள்ளே வரவில்லை. முதல் நாள் கேட்டுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்தது, அப்படியே உட்கார்ந்திருந்தது. யாருக்காக இந்தப் பார்க் திறந்ததோ அந்த ஒரு நாயைத் தவிர மற்ற நாயெல்லாம் உள்ளே புரண்டது. கண்டக்டர் ஒரு கையில் சங்கிலியோடு கேட்டில் நின்று எங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். பிஸ்கட் காட்டினார். எதிரே கோழிக்கடை வைத்திருக்கும் பாய் ஈரல் கொடுத்தார். ஈரலைப் புல்லில் வைத்தால், எங்கள் தெரு டீச்சரம்மாவின் பக் நாய் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும். ஒருநாள் தூக்கிக்கொண்டே உள்ளே போனார். சில்லறை அவர் தோள் மேல் ஏறிக் குதித்து நொண்டிக்கொண்டே ஓடியது. குன்றத்தூர் மலையேறி முருகனிடமும் சொல்லிவிட்டு வந்தார். “அவருக்கும் தினம் வணக்கம் வெக்கணும்போல கீது சார்” என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கால் மெலிந்துகொண்டே போனது. பின்னங்காலைத் தரையில் ஊன்றுவதையே அது விட்டுவிட்டிருந்தது.

ஒருநாள் கோழிக்கடை பாய் கையைத் துடைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி வந்தார்.

“அண்ணே, அதுக்கு பார்க்கு மேல பயம் இல்ல. இந்த கேட்டு மேலதான் பயம். முன்ன இருந்த வாட்ச்மேன் இங்கதான் சேர் போட்டு குந்திகினு இருப்பான். இது குட்டியா இருந்தப்போ தடியால ஒரு போடு போட்டான். நான் பார்த்தேன். முன்பக்கமா இட்டுகினு போய்ப் பாரு.”

கண்டக்டர் முன்கேட் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

“முன்பக்கம் எறங்குற வழி பாய்.”

“நாய்க்கு இன்னாண்ணே தெரியும், ஏறுற வழி, எறங்குற வழி.”

“நாய்க்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல.”

முப்பது வருஷம் பஸ்ஸில் எத்தனை பேரை அந்த வழியாக ஏறக் கூடாது என்று இறக்கிவிட்டிருப்பார். எங்களையும் சுற்ற விட்டவர். இனி எந்த முகத்தோடு? ஒரு வாரம் அவர் பின்கேட்டை விட்டு நகரவில்லை. நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லிப் பார்த்தோம், டீச்சரம்மா கோபித்துக்கொண்டும் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே பதில், ரூல்னா ரூல். ஆனால் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, சில்லறையின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பின்கேட்டில் ஆள் இல்லை. நாங்களே வரிசையில் நின்று, நாங்களே ஆறடி விட்டு, நாங்களே உள்ளே போனோம். என்னவோ போலிருந்தது. ஆறே காலுக்கு முன்கேட் கிறீச்சிட்டது.

முதலில் சில்லறையின் மூக்கு வந்தது. அப்புறம் ஒரு கால். புல்லை மோந்து பார்த்தது, இன்னொரு காலை வைத்தது. பின்னால் சங்கிலியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு கண்டக்டர், கேட்டுக்கு வெளியே பாதி, உள்ளே பாதி. ஸ்கூலுக்குத் தாமதமாக வந்த பையன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு.

டீச்சரம்மாதான் முதலில் திரும்பினார். “அந்த வேப்பமரத்துல ஏதோ புதுசா ஒரு பறவை இருக்கு பாருங்க” என்றார். உடனே நாங்கள் எட்டுப் பேரும் முன்கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

மரத்தில் ஒரு காக்கைகூட இல்லை. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.