போருக்குப் பிந்தைய விமர்சனக் கவுன்ட்டர்

ஒரு காட்டில் மூன்று பொங்கலாகப் போர் நடந்துகொண்டிருந்தது. சரியாகச் சொன்னால், போர் காட்டுக்குள் நடக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், ஒரு தேன்மரத்தைச் சுற்றி நடந்தது. காட்டின் தலைவர் ஒரு கரடி. தேனுக்கும் இந்தப் போருக்கும் சம்பந்தமில்லை, இது மானப் பிரச்சினை என்று அவர் ஆரம்பத்திலேயே தெளிவுபடுத்திவிட்டார். தெளிவுபடுத்தும்போது வாயைத் துடைத்துக்கொண்டார்.

பொங்கலுக்குள் போர் முடிந்துவிடும் என்றும் அவர் சொல்லியிருந்தார். எந்தப் பொங்கல் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டும் என்று தவித்தது செங்கமலம் என்ற கீரி மட்டும்தான். அவள் கணவன் வேலப்பனைப் பத்தே நாள் வேலை என்று சொல்லிப் போருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அவளும் பத்து நாளைக்குக் கணக்காக ஈசல் வறுத்து மூட்டை கட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மூன்று வருடமாக வளையின் வாசல் பக்கம் தலைவைத்தே தூங்குகிறாள்.

அந்த வருடப் பொங்கலுக்குச் சிறப்புப் பட்டிமன்றம் ஏற்பாடாகியிருந்தது. தலைப்பு: 'போர்க்காலத்தில் தலைவரைக் குறை சொல்வது காட்டுக்கு நன்மையா, தீமையா?' தீமை அணியில் பேச ஆற்றங்கரை வரைக்கும் வரிசை நின்றது. நன்மை அணியில் பேச ஆளில்லை. செங்கமலம் மேடைக்குப் பின்னால் போய், "தலைவர்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும்" என்றாள். விழாக் குழுவில் இருந்த மயில், "கேள்வியா? அப்ப நீதான் நன்மை அணி" என்று அவளை மேடையில் உட்கார வைத்துவிட்டது. அணியில் அவள் ஒருத்திதான்.

தீமை அணித் தலைவர் நரி முதலில் பேசினார். "என் வீட்டுக்காரிகூட என்னைக் குறை சொன்னதில்லைங்க. ஏன்னா அவங்க அம்மா வீட்டுல இருக்காங்க" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இதற்கும் போருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் பண்டிகை நாளில் பட்டிமன்றம் பார்க்காதவர்கள்.

செங்கமலம் எழுந்தாள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. பத்து நாள்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனீங்க. மூணு பொங்கலாச்சு. என் வீட்டுக்காரரு எப்ப வருவாரு?"

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த தலைவர் தன் நகங்களைப் பார்த்தார். நடுவர் நாரை அவசரமாக மணியடித்துவிட்டு, ஒற்றைக்காலில் நின்றபடி தீர்ப்புச் சொன்னார்: "குறை சொல்வது நன்மையே. நரியார் சொன்னதும் சரியே. ஆகவே, குறைகளைத் தாராளமாகச் சொல்லலாம், போர் முடிந்த பிறகு."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தலைவர் அப்போதே மேடையேறி, போருக்குப் பிந்தைய விமர்சனக் கவுன்ட்டரைத் திறந்து வைத்தார். யார் வேண்டுமானாலும் தன் குறையை எழுதிக் கூடையில் போட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். போர் முடிந்த மறுநாள் டோக்கன் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தலைவர் முகத்துக்கு நேரே சொல்லலாம். முதல் டோக்கன் செங்கமலத்துக்குக் கிடைத்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

ஒரு மாதத்தில் ஒரு கூடை ஏழு கூடையாயிற்று. செங்கமலம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கவுன்ட்டருக்குப் போனாள். அங்கே ஓர் ஆமை உட்கார்ந்திருந்தது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தாலும் பொய் சொல்லத் தெரியாத ஆமை; அதனால்தான் பதவி உயர்வே இல்லை.

"ஐயா, போர் எப்பய்யா முடியும்?"

ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்து, யோசித்து, மறுபடி வெளியே நீட்டியது. "போன வாரமே முடிஞ்சிருக்க வேண்டியதும்மா. அக்கரைக்காரங்க சமாதானத்துக்கு வந்துட்டாங்க. பாதி மரம் உங்களுக்குன்னு எழுதியும் கொடுத்துட்டாங்க. தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாரு. அப்ப பார்த்து இந்த ஏழு கூடையும் கண்ணுல பட்டுது. போர் முடிஞ்சா மறுநாள் காலைல இத்தனை பேரும் வந்து நிப்பாங்களேன்னாரு. பேனாவை மூடிட்டாரு."

செங்கமலம் ஏழு கூடைகளையும் பார்த்தாள். தன் கேள்விதான் தன் கணவனை அங்கே கட்டிப் போட்டிருக்கிறது.

அன்றிலிருந்து வளை வளையாக, புதர் புதராக அலைந்தாள். "குறையைத் திருப்பி வாங்கிக்கங்க, போர் முடிஞ்சிடும்" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். பலர் ஒத்துக்கொண்டார்கள். கோனேரி என்ற கிழட்டு முயல் மட்டும் மறுத்துவிட்டது. அதன் மூத்த மகன் போரிலிருந்து ஒரு பின்னங்கால் இல்லாமல் திரும்பியிருந்தான்.

"அந்தாளு மூஞ்சிக்கு நேரா சொல்ல ஒரே ஒரு வார்த்தை வச்சிருக்கேன் கமலம். அதுக்காகத்தான் உசுரோட இருக்கேன். அதையும் கேக்குறியே."

"உங்க மகன் மூணு காலோட வந்துட்டான் அண்ணே. எனக்கு எத்தனை காலோட வந்தாலும் போதும்."

கோனேரி புல்லுக்கடியிலிருந்து டோக்கனை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

திரும்பப் பெறுவதற்கும் படிவம் இருந்தது. அதில் காரணம் எழுத இடமில்லை. காரணம் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. 'தலைவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.' காடே வந்து அதன் கீழ் கால்தடம் வைத்தது. ஏழு கூடைகளும் காலியாயின. செங்கமலம் வீட்டுக்கு ஓடி, வளையைப் பெருக்கி மெழுகி, ஈசல் வறுத்து வைத்துக் காத்திருந்தாள்.

சித்திரை முதல் நாள் தலைவர் புத்தாண்டு வாழ்த்துரை வழங்கினார். காடே திரண்டு வந்திருந்தது. செங்கமலம் முன்வரிசையில் கோனேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அன்புடையீர்," என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது. உண்மையாகவே தழுதழுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். "சமாதான ஓலை என் மேசைமேல் இருக்கிறது. இன்று கையெழுத்திடத்தான் நினைத்திருந்தேன். ஆனால் நேற்று உங்கள் படிவங்களைப் படித்தேன். மூன்று வருடப் போரில் ஒருவருக்குக்கூட, ஒரே ஒருவருக்குக்கூடக் குறையில்லை. மக்கள் இவ்வளவு மனநிறைவோடு இருக்கும் ஒரு போரை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. போர் தொடரும்."

நரி முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

செங்கமலம் எழுந்து நின்றாள். இந்த முறை பேசத் தெரியாது என்று சொல்லவில்லை. "இந்தாளு பொய் சொல்றாரு. எங்க எல்லாருக்கும் குறை இருக்கு" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

பக்கத்திலிருந்த கோனேரி அவள் வாலைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தது. அதன் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் மெதுவாகத்தான் சொன்னது:

"சத்தம் போடாத தாயி. போர் நடக்குதுல்ல."

நீதி: குறை சொல்ல ஆளிருந்தால் தலைவரால் போரை முடிக்க முடியாது. ஆளில்லாவிட்டால் முடிக்க வேண்டிய அவசியம் கிடையாது. மற்றபடி அனைவருக்கும் இனிய பண்டிகை வாழ்த்துகள்.