அத்தானின் மூன்று பக்கமும் ஏழாம் வகுப்பின் ஏழு வரியும்

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் வீட்டுக்காரி, மகள், நான் பார்த்துக்கொள்ளும் இரண்டு லிஃப்டுகள் எல்லோரும் சுகம். அங்கு தாங்களும் அக்காவும் தங்கள் தங்கமுனைப் பேனாவும் சுகமாக இருக்க வேண்டும்.

என் அக்காவைக் கைப்பிடித்த நாள்முதல் எனக்காக ஆங்கிலத்தில் ஒரு விடுப்புக் கடிதம்கூட வேறு யாரும் எழுதியதில்லை, எல்லாம் தாங்கள்தான். பத்தாவதைத் தாண்டுவதற்குள் மூன்று முறை தடுக்கி விழுந்த எனக்குத் தங்கள் ஆங்கிலம் கோயில் கோபுரம் மாதிரி, அண்ணாந்து பார்க்கலாம், ஏற முடியாது. ஆகவே முதலாளிக்குக் கொடுக்கத் தாங்கள் மூன்று பக்கம் எழுதி கூரியரில் அனுப்பிய விளக்கக் கடிதம் என்ன ஆயிற்று என்பதைத் தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டுகிறேன்.

நடந்தது தங்களுக்குப் பாதிதான் தெரியும். எங்கள் கட்டடத்தில் இடது லிஃப்ட் பழுது, ஓடும், ஆனால் பாதியில் நின்றுவிடும். மோட்டார் இருப்பது மொட்டைமாடி அறையில். எட்டு மாடிக்கு ஸ்பேனர் பெட்டியைத் தூக்க முடியுமா? எங்கள் தொழிலில் ஒரு கள்ள வழக்கம் உண்டு அத்தான். 'பழுது' பலகையை நல்ல லிஃப்டில் மாட்டிவிட்டால் வேறு யாரும் பொத்தானை அமுக்க மாட்டார்கள், அது நம்ம சொந்த வண்டி. பழுதான லிஃப்டை மெயினில் நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். நான் பலகையை மாட்டினேன், நிறுத்துவதற்கு முன்னால் ஒரு டீ குடித்தேன். அந்த ஒரு டீ நேரத்தில் முதலாளி, பலகை இல்லாத லிஃப்ட் என்று நம்பி ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்டுடன் ஏறி, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஐம்பது நிமிஷம் நின்றுவிட்டார். வெளியே எடுத்தபோது அவர் கையில் மூன்று பாலிசி படிவம் இருந்தது, மூன்றிலும் கையெழுத்து.

பலகை இருப்பது காவலாளியின் நாற்காலிக்குப் பின்னால். அவரை நாங்கள் விசில் என்று கூப்பிடுவோம், சும்மா இருக்கும்போதெல்லாம் விசிலடிப்பார். மாட்டியது அவர்தான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் லிஃப்ட் மெக்கானிக்கான நான் எழுத்தில் விளக்கம் கொடுக்கணும், இல்லாவிட்டால் விசில் வீட்டுக்குப் போகணும் என்று உத்தரவு. நான் தங்களுக்குப் போன் செய்து, பலகை இடம் மாறிவிட்டது என்று மட்டும் சொல்லி விளக்கம் எழுதிக் கேட்டேன். விசில் விசிலடிப்பதை நிறுத்திவிட்டார்.

இந்தச் சமயத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளின் ஆங்கில டீச்சர், வீட்டிலிருந்து ஆளுக்கொரு நிஜக் கடிதம் கொண்டுவரச் சொல்லியிருந்தார். தங்கள் கடிதம் எப்படியோ அவள் பைக்குள் போய்விட்டது. அத்தான், அது ஒரு விபத்து. மறுநாள் டீச்சர் போன் செய்தார். "சார், இதை நிஜமாவே குடுக்கப் போறீங்களா? பேரையெல்லாம் மறைச்சுட்டேன். நீங்க சரின்னா இதை வெச்சுப் பாடம் நடத்துறேன், நீங்களும் வாங்க" என்றார். போனேன். கடைசி பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன்.

எனக்கு இலக்கணம் என்றால் பிரம்பு. மனப்பாடம், பரீட்சை, மறதி. இந்தம்மா குள்ளமாக, ஜலதோஷத்தோடு, கையில் கைக்குட்டையும் சாக்பீஸுமாக நின்றுகொண்டு ஒரு விதிகூடச் சொல்லவில்லை. தங்கள் வாக்கியம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதினார். 'தவிர்க்கவியலாத சூழ்நிலைகளின் காரணமாக அறிவிப்புப் பலகை இடம் மாறி அமைய நேர்ந்தமை கவனத்துக்கு வந்துள்ளது' என்று மகள் எனக்கு அர்த்தம் சொன்னாள்.

"இதுல வேலை செஞ்சது யாரு?"

"பலகை மிஸ்!"

"பலகை தானா எழுந்து நடந்து போய் மாட்டிக்கிச்சா?"

"சூழ்நிலை மிஸ்!"

"சூழ்நிலைக்குக் கை இருக்கா, கால் இருக்கா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், அப்புறம்தான் அது என் கடிதம் என்று ஞாபகம் வந்தது. முன்வரிசையில் ஒரு ரெட்டைப்பின்னல் எழுந்தது. "மிஸ், இவருக்கு யார் செஞ்சதுன்னு தெரியும் மிஸ். சொல்லத்தான் பயப்படுறாரு."

என் மகள் குனிந்து பென்சிலைச் சீவினாள். சீவிச்சீவிப் பென்சிலே தீர்ந்துபோய்விடும்போல் இருந்தது. நான் எழுந்தேன், பெஞ்சும் கூடவே எழுந்தது. "நான்தான் மிஸ் மாட்டினேன்" என்றேன்.

டீச்சர் ஆச்சரியப்படவே இல்லை. "அப்ப அதையே சொல்லுங்க, பசங்க எழுதட்டும்" என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல நாற்பது பேரும் ஆங்கிலமாக்கினார்கள். 'மிகுந்த மனவேதனையுடன்' என்று ஒருவன் ஆரம்பித்தான். "வேதனை இருந்தா அடுத்து என்ன செய்வாரோ அதை எழுது" என்றார். "இந்த லெட்டரைப் படிக்கிறவர் முதல்ல எதைத் தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டார். நான் லிஃப்ட் என்றேன். ரெட்டைப்பின்னல், "வாட்ச்மேன் மிஸ், அவரு வேலைதானே போகப்போகுது?" என்றது. விசில் ஏழாவது வரியிலிருந்து முதல் வரிக்கு வந்தார். நான் எந்தக் கம்பி எதை இழுக்கிறது என்று பார்ப்பேனே, அந்தம்மா வாக்கியத்தை அப்படிப் பார்க்கிறார் அத்தான். எங்களுக்கெல்லாம் பிரம்பாக இருந்த இலக்கணம் அவர் கையில் ஸ்பேனர். இதைச் சொன்னதும் தும்மலுக்கு நடுவில் சிரித்தார்.

ஏழே வரி. 'காவலாளி பலகையைத் தொடவில்லை. நான்தான் மாட்டினேன்.' இப்படி ஆரம்பம். முதல்முறையாக, நான் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் எனக்கே முழுசாகப் புரிந்தது.

முதலாளி நின்றபடியே படித்தார். "யாருய்யா எழுதினது?"

"நாப்பது பேரு சார்."

விசிலுக்கு வேலை தப்பியது, எனக்கும்தான். ஆனால் ஒரு மாதத்துக்கு நான் எந்த லிஃப்டிலும் ஏறக்கூடாது, பெட்டியோடு படியில்தான் போகணும் என்று தண்டனை. நான் ஒரு மாடி ஏறினால் கீழே ஒரு விசில். எட்டு மாடிக்கு எட்டு. நன்றியா கேலியா என்று நான் விசாரிக்கவில்லை.

தங்கள் கடிதத்தில் குறை ஏதுமில்லை. அதை ஒரு மணி நேரப் பாடமாக நடத்த முடிந்ததே, அதுவே தங்கள் பெருமை. அக்காவுக்கு என் அன்பும் தங்கள் பாதங்களுக்கு என் வணக்கமும்.

இப்படிக்கு,
தங்கள் நிழலில் இதுவரை கையெழுத்து மட்டும் போட்டுவந்த மைத்துனன்

பின்குறிப்பு: மகள் இதைப் படித்துவிட்டாள். "பைக்குள் போய்விட்டதுன்னா என்னப்பா அர்த்தம்? லெட்டருக்குக் கால் இருக்கா?" என்கிறாள். ஆகவே: நான்தான் போட்டேன். தெரிந்தே போட்டேன். மூன்று பக்கத்தில் ஒரு வரியும் எனக்குப் புரியவில்லை, தங்களிடம் கேட்க இருபது வருஷமாக வெட்கம். தங்களிடம் பாதியை மறைத்ததும் நான்தான். மன்னியுங்கள். இனி என் கடிதங்களை நானே எழுதுகிறேன். "இதான்ப்பா லெட்டர், மேல இருக்கறதெல்லாம் கிழிச்சுடு" என்கிறாள். கிழிக்க மனம் வரவில்லை, தங்களுக்கு நீளக் கடிதம்தான் பிடிக்கும்.