எட்டாங்கட்டம் சார் அழுத்திய டேப்

காவிரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனையோ பிடிவாதக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் காலி இடத்துக்காகப் பிடிவாதம் பிடித்த ஒரே மனிதர் எட்டாங்கட்டம் சார்தான். மற்ற வாத்தியார்கள் எழுத்தைத் திருத்துவார்கள். அவர் எழுத்து இல்லாத இடத்தைத் திருத்துவார்.

எண்பதுகளின் பிற்பகுதியில் தென்னூரில், ஒரு மிக்ஸி ரிப்பேர் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று இருந்தது. மூன்று மிஷின், ஒரு ஏ.சி. நான் ஒன்பதாவதோடு நின்றவன். லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர், மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் சாக்கு தைப்பவன் என்று எதிலும் ஆறு மாதம் தங்காமல் சுற்றி, நடுவில் எப்படியோ டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். அந்த ஒரு காகிதத்தைக் காட்டி அங்கே சேர்ந்தேன். மாணவர்கள் கட்டம் போட்ட தாளில் எழுதித் தரும் புரோகிராமை மிஷினில் அடித்துக் கொடுக்க வேண்டும். படுக்கையும் அங்கேயே. அதற்கு முன் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டிருந்தேன்.

சார் சொல்லிக்கொடுத்தது கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழி. அதில் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஏழு கட்டம் காலியாக விட வேண்டும். எழுத்து எட்டாவது கட்டத்தில்தான் தொடங்கலாம். அந்த ஏழு காலியை உண்டாக்க இரண்டு வழி. கீபோர்டின் அடியில் உள்ள நீளக் கட்டையை, அதாவது ஸ்பேஸ் பாரை, ஏழு தடவை தட்டலாம். அல்லது இடது ஓரத்தில் இருக்கும் டேப் பொத்தானை ஒரே தடவை அழுத்தித் தாண்டிவிடலாம். திரையில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் எங்கள் மிஷின் டேப்பை ஒரே ஒரு கட்டமாகத்தான் எண்ணும். எண்ணிவிட்டு, வரியே தப்பு என்று சொல்லிவிடும்.

ஆகவே சாரின் ராஜ்ஜியத்தில் டேப் கூடாது. அவர் அடுத்த அறையில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். இங்கே யாராவது அடிப்பது காதில் விழும். டக் டக் என்று ஏழு தட்டு கேட்டால் பாடம் நடக்கும். ஆறு கேட்டால் சாக்பீஸ் நிற்கும்.

"யார் அது? இன்னொண்ணு எங்கே?"

ஒரே தட்டு கேட்டால் ஆளே வந்து நிற்பார்.

"ஓய், டேப்பா?"

"கை பட்டுடுச்சு சார்."

"கை படாதுய்யா. மனசு பட்டாத்தான் கை படும்."

சார் என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவார். வருவார் என்று சொல்வதைவிட, வர முயற்சி செய்வார் என்று சொல்லலாம். பஸ்ஸுக்கு நிற்கும்போது முன்னால் நிற்பவருக்கும் தனக்கும் நடுவில் தாராளமாக இடம் விடுவார். அந்த இடத்தில் அரை ஸ்ரீரங்கமே புகுந்து ஏறிப் போய்விடும். ஒருமுறை ஒரு மாணவன் அக்கா கல்யாணப் பத்திரிகையை நீட்டினான். சார் பெயர்களைப் படிக்கவில்லை. இடது ஓரத்தைப் பார்த்து, "மார்ஜின் பத்தாதே அப்பா, மாப்பிள்ளை ஆத்துக்காரா பாத்தாளா?" என்று கவலையோடு கேட்டார். சாப்பாட்டு டப்பாவில் தயிர் சாதத்துக்கும் மாவடுவுக்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கு இருக்கும்.

கம்ப்யூட்டரில் அடித்ததைச் சேமித்து வைக்கும் ஃப்ளாப்பித் தட்டுகளை விற்க வந்த ஒருவர் ஒருநாள் சொன்னார்: "எதுக்கு சார் ஏழு தடவ தட்டுறீங்க? நீங்க அடிக்கிற எடிட்டர்ல ஒரு செட்டிங் இருக்கு. போட்டுட்டா டேப்ப அழுத்தினாலே ஏழு ஸ்பேஸ் தானா விழும்." செய்தும் காட்டினார். எனக்குக் கண் விரிந்தது. சார் அசையவில்லை.

"இன்னிக்கு விழும். அந்த செட்டிங் ஒருநாள் இல்லாம போனா? விழலேன்னு உமக்குத் தெரியுமோ?"

"ஸ்க்ரீன்ல பாத்தா..."

"ஸ்க்ரீன்ல தெரியாதுய்யா. அதானே வினை."

விற்க வந்தவர் இரண்டு டப்பா ஃப்ளாப்பியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் மட்டும் அந்த வித்தையை மனதில் வைத்துக்கொண்டேன்.

அப்போது எங்களிடம் படித்துக்கொண்டிருந்தவள் லூர்து மேரி. அவள் அப்பா பொன்மலை ஒர்க்ஷாப்பில் ரிட்டயர் ஆகிவிட்டார். ரயில்வே குவார்ட்டர்ஸை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வீட்டில் வேறு யாருக்கும் வேலை இல்லை. பெங்களூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு அதிகாரி சனிக்கிழமை மூன்று மணிக்கு சென்டருக்கு வருவதாக இருந்தது. மேரி எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்ப்பார். ஓடினால் வேலை. நூலகத்தில் யார் எந்தப் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை என்று பட்டியல் போடும் புரோகிராம் அது. இருநூற்று நாற்பது வரி.

வெள்ளிக்கிழமை சார் சாயங்காலம்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு மிஷினிலும் மாணவர்கள். முதலாளி அறையில் இருந்த மூன்றாவதில் உட்கார்ந்தேன். அதை வேறு யாரும் தொடக் கூடாது என்பது சட்டம். முதலாளி அப்போது வெளியே போயிருந்தார். ஃப்ளாப்பிக்காரர் காட்டிய செட்டிங்கைப் போட்டேன். டேப்பை அழுத்தினேன். ஏழு ஸ்பேஸ் அழகாக விழுந்தது. மத்தியானத்துக்குள் பாதி முடித்து, ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

நான் சாப்பிடும் நேரத்தில் முதலாளி வந்து மிஷினை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். தினமும் மத்தியானம் அவர் செய்வது அது. "மனுசனுக்கே ஒரு அரை மணி படுக்கணும்னு இருக்கு, மிஷினுக்கு இருக்காதா?" என்பார். மிஷின் படுத்து எழுந்ததில் செட்டிங்கை மறந்துவிட்டது. எனக்கு அது தெரியாது. மீதிப் பாதியையும் டேப் போட்டே அடித்து முடித்தேன். வரிகள் ஒரு கட்டம் தள்ளி நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மறுநாள் ஒரு மணிக்கு மேரி புரோகிராமை ஓட்டிப் பார்த்தாள். திரை நிறையத் தப்பு. மறுபடி ஓட்டினாள். அதே தப்பு.

"அண்ணே, நான் எழுதினதே தப்பாண்ணே?"

சார் வந்து அவள் தாளை வரி வரியாகப் பார்த்தார். "ஒரு புள்ளி தப்பில்லேம்மா" என்றார். பிறகு திரையில் ஒரு வரியின் தொடக்கத்துக்குப் போய், அம்புக்குறிப் பொத்தானை மெதுவாக அழுத்தினார். மின்னுகிற கோடு ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தது. பாதியைத் தாண்டிக் கீழே போய் அதேபோல அழுத்தினார். கோடு தவளை மாதிரி ஒரே தாவில் எழுத்தின் மேல் போய் விழுந்தது.

சார் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உக்காரும். வரியைப் படியும்."

நான் படிக்கப் படிக்க அவர் டேப்பை அழித்துவிட்டு ஏழு தட்டினார். நூற்று இருபது வரி. மேரி பக்கத்தில் உட்கார்ந்து விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். தப்பான தட்டு ஒன்றுகூட இல்லை. மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைசி வரி.

அப்போது முதலாளி உள்ளே வந்தார். விஷயம் மாணவர்கள் வழியாக அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"என் ரூம் மிஷின்ல யாரு கை வச்சது? கம்பெனிக்காரரு கீழ ஆட்டோவுல வந்து எறங்குறாரு, இங்க மானம் போவுது! எவன் டேப் போட்டானோ அவன் இப்பவே மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கெளம்பட்டும்!"

கட்ட வேண்டிய மூட்டை எது என்று எனக்குத் தெரியும். ஒரு பை, ஒரு போர்வை. போவது எனக்குப் புதிதல்ல. ஆனால் போக மனமில்லாமல் நான் நின்ற முதல் இடம் அது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"நான்தான் போட்டேன்" என்றார் எட்டாங்கட்டம் சார்.

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேரி தலை நிமிரவே இல்லை.

"நீங்களா சார்?"

"ஆமாம். நான்தான். கை தவறிடுத்து."

இருப்பது ஒரே வாத்தியார். அவரை எப்படி அனுப்புவது? முதலாளி அதிகாரியை அழைத்து வரப் போனார். புரோகிராம் ஓடியது. மேரிக்கு வேலை கிடைத்தது. அந்த மாதக் கடைசியில் அந்தக் குடும்பம் பெங்களூர் ரயில் ஏறியது.

சாருக்குத்தான் விமோசனம் இல்லை. அதற்குப் பிறகு அவர் யாரைக் கண்டித்தாலும், "நீங்களே போட்டீங்களே சார்!" என்று பையன்கள் சிரித்தார்கள். "ஒரு தடவைப்பா, ஒரே தடவை" என்று தலையைக் குனிந்துகொள்வார். தனியாக இருக்கும்போது ஒருநாள், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உமக்குப் படுக்க வேற எடம் இருக்கோ?" என்றார்.

நான் அங்கே ஒன்றரை வருஷம் இருந்தேன். என் கணக்கில் அது ஒரு ஆயுள். அத்தனை நாளும் பையன்கள் சிரிக்கும்போது நானும் பேசாமல்தான் நின்றேன். அந்தப் பையன்களுக்கு இப்போது தலை நரைத்திருக்கும். இந்தப் பத்திரிகை அவர்களில் யார் கையிலாவது கிடைத்தால் தெரிந்துகொள்ளட்டும். டேப்பை அழுத்தியது நான். அந்த மனிதர் தம் வாழ்நாளில் அதைத் தொட்டதே இல்லை.