முதலாளி லைனில் இருக்கிறார்

"ஆபிதா, நான் வாத்தியாராகப் போறேன்."

இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்த எனக்கு அச்சு கையை விட்டு நழுவிவிட்டது. 'யா அல்லாஹ், யார் பெற்ற பிள்ளைகளோ, நீதான் காப்பாத்தணும்' என்று மனசுக்குள் ஒரு துஆ கேட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் கலீலுர் ரஹ்மான் ஷார்ஜா ரோலாவில் ஒரு ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன். பி.ஏ. படித்தவர். அந்த பி.ஏ. ரொம்ப வருஷமாகப் பெட்டிக்குள் அந்துருண்டையோடு தூங்குகிறது. எங்கள் பிள்ளைகளே வளர்ந்து, கல்யாணமும் முடிந்து, ஊரில் இருக்கிறார்கள். இந்த வயசில் இவருக்கு இப்படி ஓர் ஆசை.

"வாத்தியாருக்கு பி.எட். வேணுமே?"

"எல்லாம் ஜெயபாரதி டீச்சர்ட்ட கேட்டுட்டேன். அவங்க ஸ்கூல்ல டிகிரி இருந்தா முதல்ல சேத்துக்குவாங்களாம். வேலை பாத்துக்கிட்டே தபால்ல பி.எட். முடிச்சுக்கலாம். ஒரே ஒரு பாடம் நடத்திக் காட்டணும். அவ்வளவுதான்!"

ஜெயபாரதி பக்கத்து ஃபிளாட். இந்தியப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நல்ல பெண், பொய் சொல்லாது.

"இப்ப எதுக்குங்க திடீர்னு?"

"ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துரலாம். கோடையில ரெண்டு மாசம் லீவு. எல்லாரும் 'சார்'ம்பாங்க. கடையில என்ன மரியாதை? 'பாய், மேல் தட்டுல அந்தப் பச்சையை இறக்கு, இந்தச் சிவப்பை ஏத்து.' நான் மனுஷனா, டிராஃபிக் லைட்டா?"

லீவு என்ற வார்த்தை கேட்டதும் என் காது நிமிர்ந்தது.

"அப்ப உம்ராவுக்குப் போயிரலாம்ல?"

ரோலாவிலிருந்து மக்காவுக்கு பஸ் போகிறது. எங்கள் மாடிப்படி இறங்கினால் பஸ் ஆபீஸ். பத்து நாளில் உம்ரா முடித்துத் திரும்பிவிடலாம். வருஷா வருஷம் நான் கேட்பேன். வருஷா வருஷம் இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "முதலாளி லீவு தரமாட்டேங்குறாரு ஆபிதா" என்பார். முதலாளி எங்கள் ஊர் ஹாஜியார்தான். அந்த மனுஷனின் கல் மனசு கரைய வேண்டுமென்று தொழுகைப் பாயில் உட்கார்ந்து எத்தனை துஆ செய்திருப்பேன்! பாய் தேய்ந்ததுதான் மிச்சம்.

"உம்ராவா? பி.எட். முடியட்டும். படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு பண்ணக் கூடாது" என்றார், நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு.

ஒத்திகை ஆரம்பமாயிற்று. வாத்தியார் கிடைத்தாயிற்று, பிள்ளை? எட்டாம் வகுப்போடு நின்ற நான்தான் பிள்ளை.

முதல் பாடம் பூகோளம். தேசப்படத்தை ஒரே உதறலில் சோபா மேல் விரித்தார். "பாருங்க, இது இந்தியா. பார்டர் நல்லா அகலமா இருக்கும். பக்கத்துல பாகிஸ்தான், அதே ரகம், கலர் மட்டும் வேற." பாடம் முடிந்ததும் படத்தை மடித்து வைத்துவிட்டு, "வேற ஏதாவது காட்டவா?" என்றார்.

பார்க்க வந்திருந்த ஜெயபாரதி தலையில் கை வைத்துக்கொண்டது.

"சார், பாடத்தை நடத்துங்க. விக்காதீங்க! பேசாம இங்கிலீஷ் எடுங்க. போன்ல அனுமதி கேக்குறது எப்படின்னு ஒரு பாடம் இருக்கு. ரெண்டே விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க. தெரிஞ்சதுல ஆரம்பிச்சுத் தெரியாததுக்குப் போகணும். பிள்ளைங்க எதையும் செஞ்சு பாத்துக் கத்துக்கணும்."

"அப்ப எனக்குத் தெரிஞ்சது உங்க முதலாளி" என்றேன் நான். "தெரியாதது லீவு. அதையே வச்சுக்குவோம்ங்க."

அவருக்கும் பிடித்துப்போயிற்று. ஹாலில் ஒரு போன், படுக்கையறையில் ஒரு போன், இரண்டும் ஒரே லைன். இரண்டு பேரும் எடுத்து, ஏதாவது ஒரு நம்பரை அமுக்கினால் 'ங்ங்' சத்தம் நின்றுவிடும். பேசலாம். ஹாலில் அவர் லீவு கேட்பார். படுக்கையறையில் நான் முதலாளி. ஹாஜியார் குரல் எனக்குத் தெரியும். வார்த்தைக்கு வார்த்தை ஓர் இருமல்.

"மாஃபி லீவு, லொக்! கிடையாது போப்பா, லொக்!"

"நல்லா இருக்கு! இன்னும் கொஞ்சம் கரகரன்னு!" என்று ஹாலிலிருந்து கத்துவார்.

தினம் ஒத்திகை. இவர் கெஞ்சுகிற கெஞ்சலில் எனக்கே கண் கலங்கியது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. இவ்வளவு உருக்கமாகக் கேட்டுமா ஒரு ஹாஜியார் மறுப்பார்?

"ஏங்க, நிஜ முதலாளிகிட்டயும் இப்படித்தான் கேட்டீங்களா?"

"கேட்டேன்னா... கேட்டேன்" என்று சொல்லி, சுற்றாத மின்விசிறியை ரொம்ப நேரம் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஜெயபாரதி முன்னால் கடைசி ஒத்திகை. நான் படுக்கையறைக்குப் போய், பிஸ்மி சொல்லி, ஹாஜியார் வீட்டு நம்பரை அமுக்கினேன். சலாம் சொன்னேன். "அவங்க உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம், ரொம்பத் தயங்குறாங்க. கொஞ்சம் இருங்க ஹாஜியார்" என்றேன். ரிசீவரைத் தலையணை மேல் மெதுவாக வைத்தேன்.

"ஏங்க! முதலாளி லைன்ல இருக்காங்க, எடுங்க!"

இதில் ஒரு வார்த்தை பொய்யா? தோளில் இருந்து பாவ புண்ணியக் கணக்கெழுதும் மலக்குகள் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும். நான் சமையலறைப் பக்கமாக நழுவித் தேத்தண்ணி போடப் போனேன்.

டீச்சருக்கும் கேட்கவேண்டுமென்று இவர் ஸ்பீக்கர் பட்டனை அமுக்கினார்.

"குட் மார்னிங் சார்! திஸ் இஸ் கலீலுர் ரஹ்மான் ஸ்பீக்கிங்!"

"என்னப்பா, லொக், காலங்காத்தால இங்கிலீஷு?"

"தமிழ்ல பேசாதே. பாடம் இங்கிலீஷ்ல."

"என்னது?"

"சரி, தமிழ்லயே பேசு. ஆனா இருமல் பிரமாதம்! அந்தக் கிழம் அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது."

போன் பலமாக ஒரு தடவை இருமியது.

"எந்தக் கிழம்?"

"போதும், பாடத்துக்கு வர்றேன். சார், ஐ வாண்ட் டென் டேஸ் லீவ். என் மனைவியை உம்ராவுக்குக் கூட்டிட்டுப் போகணும் சார். பாவம் சார், ரொம்ப வருஷமா ஆசைப்படுறா. பெர்மிஷன் பிளீஸ் சார்!"

"உம்ராவுக்கா? லொக், இதை ஏம்ப்பா இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

இவர் போனுக்குள்ளேயே குனிந்து கிசுகிசுத்தார். "ஆபிதா, டீச்சர் முன்னாடி மானத்தை வாங்காதே. பஸ்ஸுன்னா எனக்குக் குமட்டும். அதுக்காகத்தான் கேக்கலை. போதுமா? நீ லீவு குடுத்துட்டுப் போனை வை."

"ஆபிதாவா?"

நான் தேத்தண்ணித் தட்டோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"சீனி பாருங்க" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். போன் இருமியது. போனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். என் வாய் மூடியிருந்தது. போன் மறுபடி இருமியது. இவர் மெதுவாக எழுந்து, கைகட்டி, போனுக்கு மரியாதையாக நின்றார்.

"லீவு தந்துட்டேன் கலீலு. போயிட்டு வா. கஅபாவைப் பாத்ததும், லொக், அந்தக் கிழத்துக்கும் ஒரு துஆ செய்யி."

ஜெயபாரதி கண்ணைத் துடைத்துக்கொண்டது. சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

"பாடம் பாஸ் சார். இனி வேலைக்கு ஒரே ஒரு பாக்கிதான். விசா மாத்த உங்க முதலாளிகிட்ட ஆட்சேபணை இல்லைன்னு என்.ஓ.சி. வாங்கணும். லைன்லதான் இருக்காங்க, கேளுங்களேன்."

இவர் பாய்ந்து போனை வைத்தார்.

உம்ராவுக்குப் போனோம். இவர் எல்லை தாண்டும்வரை எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே வைத்திருந்தார். கஅபாவைக் கண்டதும் மனுஷன் என்னைவிட அதிகமாக அழுதார். அங்கே நான் இவருடைய பி.எட்.டுக்கும் சேர்த்துத்தான் துஆ செய்தேன். கேட்க வேண்டிய ஆளிடம் இவர் இன்னும் என்.ஓ.சி. கேட்கவில்லை. அல்லாஹ் என்ன செய்வான்?

ஆனால் ஹாஜியார் நடந்ததையெல்லாம் கடையில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. இப்போது அங்கே யாரும் இவரை 'பாய்' என்பதில்லை.

"சார், மேல் தட்டுல அந்தப் பச்சையை இறக்குங்க."