உயிர்ப்பு ஞாயிறன்று நான் உறங்கிய கதை

கல்லூரி விடுதியில் நான்கு வருடம் இருந்தவனிடம் இட்லியைப் பற்றிக் கேட்கக் கூடாது. அப்படி ஒரு பண்டம் காலையில் மெஸ்ஸில் கிடைப்பதாக அவன் கேள்விப்பட்டிருப்பான், அவ்வளவுதான். நானும் அந்த இனம். மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தேன் (படித்தேன் என்பது வீட்டில் சொன்னது). அரட்டை, சீட்டு, செல்போனில் படம் எல்லாம் முடிந்து, பால் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் எங்கள் அறையில் பாய் விரியும். வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே உறங்குவேன். வருகைப்பதிவு எடுக்கும்போது என் பெயர் வந்தால் வாய் மட்டும் தானாக விழித்துக்கொள்ளும்.

எங்கள் ஊர் தங்கச்சிமடம். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கோழிக்கு முன்னால் எழுந்துவிடுவார். விடுமுறைக்கு வந்த நான் அந்நேரம் விழித்திருப்பதைப் பார்த்து அம்மாவிடம், "பய படிக்க எந்திரிச்சுட்டான் பாரு" என்று பூரித்துப்போவார். நான் இன்னும் படுக்கவே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. பெற்றவர் மனதை எதற்கு நோகடிக்க வேண்டும்?

நான் கடைசி வருடம் படித்தபோது ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தேன். பெரிய வியாழனிலிருந்து யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். படகெல்லாம் கரையில் கிடக்கும். ஊரே கோவில் வாசலில் இருக்கும். ஞாயிறன்று இரவு இயேசுவின் பாடுகளும் உயிர்ப்பும் நாடகமாக நடக்கும். என் அண்ணன் அருள்தான் இயேசு. விசைப்படகில் டிரைவர். வாட்டசாட்டமான ஆள், நாடகத்துக்கென்றே இரண்டு மாதமாகத் தாடி வளர்ப்பான்.

அந்த வருடம் நாடகத்துக்கு இன்னொரு முக்கியத்துவமும் இருந்தது. பாம்பனிலிருந்து அண்ணனுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண் பெயர் ரோஸ்லின். பெண்ணின் அப்பா, "பையன் வேசம் கட்டுறானாம்ல, அதைப் பாத்துட்டே பேசிக்கிருவோம்" என்று குடும்பத்தோடு வரப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா மூன்று நாளாக ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை.

சனிக்கிழமையன்று, நாடகம் சொல்லிக்கொடுக்கும் சூசை மாமா வீட்டுக்கு வந்தார். கல்லறையைக் காவல் காக்கும் மூன்று வீரர்களில் ஒருவனுக்கு அம்மை போட்டுவிட்டதாம்.

"ஏலே பிரிட்டோ, நீ நில்லு. வசனமே கெடையாது. கல்லறை முன்னாடி உறங்குறாப்ல கெடக்கணும். றெக்கை கட்டிக்கிட்டுச் சம்மனசு வந்ததும் வெடி போடுவோம். பதறி எந்திரிச்சு ஓடிரணும். அம்புட்டுதான்."

"அவனுக்கு உறங்கச் சொல்லிக்குடுக்க வேணாம் மாமா" என்றான் அண்ணன். பாவம், பெருமையாகத்தான் சொன்னான்.

இரவு நாடகமென்றால் எனக்கு ஆபத்தே இல்லை. அந்நேரம் ஆந்தையை என் பக்கத்தில் நிறுத்தினால் அது கொட்டாவி விட்டிருக்கும். ஆனால் ஞாயிறு காலையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஜெனரேட்டருக்கு ஆள் அனுப்பினால் அதை வேறு ஊர்க் கோவிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "பகல்லயே போட்டுருவோம். மைக்குக்கு பேட்டரி போதும்" என்று பங்குச்சாமி சொல்லிவிட்டார். நானோ முதல் நாள் இரவுப் பூசைக்குப் பிறகு கல்லூரி வழக்கப்படி விடிய விடிய விழித்திருந்து, அப்போதுதான் படுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா விடவில்லை. மணல் அள்ள, சாக்குத் தைக்க, நாற்காலி போட என்று மத்தியானம் வரை என்னை விரட்டிவிட்டு, மீன் குழம்போடு வயிறு நிறையச் சோறும் போட்டாள்.

கல்லறை என்பது மூங்கில் தட்டியில் சாக்குப்பை கட்டிச் சாம்பல் வர்ணம் அடித்தது. அதன் நிழல் என் மேல் விழுந்தது. கடல்காற்று வீசியது. அட்டைத் தலைக்கவசத்தை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டு, நடிப்புக்காகக் கண்ணை மூடினேன்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. எல்லாம் சித்தி செல்போனில் எடுத்த வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

வீடியோவில் சம்மனசு வருகிறது. சரவெடி வெடிக்கிறது. வரிசையில் இருந்த குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுகின்றன. மற்ற இரண்டு வீரர்களும் ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். நான் புரண்டு படுக்கிறேன். கல்லறைக் கதவு திறந்து, வெள்ளை அங்கியில் அண்ணன் கம்பீரமாக வெளியே வருகிறான். கூட்டம் எழுந்து நின்று கும்பிடுகிறது. நான் இன்னொரு முறை புரள்கிறேன், இந்தத் தடவை அங்கியின் நுனியைப் போர்வையென்று நினைத்து இழுத்துக் காலுக்கடியில் சுருட்டிக்கொண்டு.

இரண்டு எட்டு வைத்த ஆண்டவர் சட்டென்று நின்றுவிட்டார்.

அண்ணன் அங்கியில் மைக் குத்தியிருந்தது. அவன் குரல் கோவில் வாசலெங்கும் கேட்டது. "அஞ்சாதீர்கள்! உங்களுக்குச் சமாதானம்... ஏலே... இதோ, நான் மரணத்தை வென்று... எந்திரிலே... வென்று உயிர்த்தெழுந்தேன்... காலை எடுலே, துணி கிழியுது!"

துணி கிழிந்தது. உள்ளே அண்ணன் கட்டியிருந்த நீலக்கட்டம் போட்ட கைலி தெரிந்தது. கூட்டத்துக்குச் சிரிப்பதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. வீடியோ ஆடத் தொடங்குகிறது (சித்திக்குச் சிரிப்பு). அந்த நேரத்தில்தான் முன்வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"ஏப்பா, செத்தவரே எந்திரிச்சு வந்துட்டாரு, இவன் இன்னும் எந்திரிக்கலையே!"

சொன்னது ரோஸ்லினின் அப்பா.

அதோடு கோவில் வாசலே சிரிப்பில் உடைந்தது. பங்குச்சாமி துண்டால் வாயை மூடிக்கொண்டு குனிந்துவிட்டார். அந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான் நான் விழித்தேன். எதிரே வெயிலை மறைத்துக்கொண்டு தாடியோடு ஒரு உருவம். சுற்றிலும் நூற்றுக்கணக்கான முகங்கள். அனைவரும் என்னையே பார்க்கிறார்கள். என் வாய்க்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"பிரசென்ட் சார்!"

அண்ணனின் மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. ஓட வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடினேன். எந்தப் பக்கம் என்று மட்டும் நினைவில்லை. ஆண்டவர் காலி செய்த கல்லறைக்குள் நான் குடிபுகுந்தேன். நாடகம் முடியும்வரை வெளியே வரவில்லை.

உள்ளே உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனை நினைத்தேன். அந்தப் பெண்ணின் படத்தைச் செல்போனில் ரகசியமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவன். என் உறக்கத்தால் அவன் கல்யாணம் கெட்டால் அந்த வீட்டில் எந்த முகத்தோடு சோறு தின்பது?

சாயங்காலம் பெண் வீட்டார் எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்வாசல் வழியாகப் பூனைபோல் நுழைந்தேன்.

"அந்தக் காவல்காரப் பய யாரு, உங்க ஊருதானா?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

"அது... அங்கன அக்காமடத்துப் பக்கம்" என்றார் அப்பா. பொய்யே சொல்லாத மனிதர்.

அந்த நொடியில் அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்: "ஏலே பிரிட்டோ, தலையில இன்னும் வெளக்கமாத்துக் குச்சி ஒட்டியிருக்கு பாரு!" (என் தலைக்கவசத்தின் கொண்டை விளக்குமாற்றால் ஆனது.)

எல்லாத் தலையும் பின்வாசல் பக்கம் திரும்பியது. முதலில் சிரித்தது ரோஸ்லின். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிப் பார்த்து, முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்பா தம்ளரைக் கீழே வைத்தார்.

"இம்புட்டு நடந்தும் மாப்பிள்ளை தம்பிய ஒரு மிதி மிதிக்கலையே. நானா இருந்தா மிதிச்சிருப்பேன். பொறுமைக்காரப் பிள்ளைதான்" என்றார்.

அன்றைக்கே பேச்சு முடிந்தது. அவர்கள் வண்டி ஏறிப் போனதும் அந்தப் பொறுமைக்காரப் பிள்ளை துடுப்பை எடுத்துக்கொண்டு என்னைக் கடற்கரை முழுக்கத் துரத்தியது ரோஸ்லின் மதினிக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். காலை ஷிப்ட். அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்துப் பார்த்தாலும் உறக்கம் வருவதில்லை. வெடிச் சத்தத்தில் புரண்டு படுத்த அந்த உடம்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

போன ஈஸ்டருக்கு ரொம்ப நாள் கழித்து ஊருக்குப் போனேன். நாடகத்தை இப்போதும் பகலில்தான் போடுகிறார்கள். பகலென்றால்தான் கூட்டம் வருகிறதாம். அண்ணனுக்குத் தொப்பை விழுந்திருந்தது, தாடியில் நரை. ஆனாலும் அவன்தான் இயேசு. சூசை மாமா, "ஒரு ஆள் கொறையுது, நீ நில்லுலே" என்றார். இந்தத் தடவை மானத்தைக் காப்பாற்றிவிடுவது என்று முடிவுசெய்தேன். கல்லறை நிழலில் கண்ணை மூடிக்கொண்டு முழு விழிப்போடு கிடந்தேன். வெடி வெடித்ததும் பதறி எழுந்தேன். ஈட்டியைப் போட்டேன். சரியான பக்கமாக ஓடினேன். என் வாழ்க்கையில் அதைவிடத் திருத்தமாக எதையும் செய்ததில்லை.

யாரும் கைதட்டவில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. பிறகு முன்வரிசையிலிருந்து அண்ணனின் மாமனார் எழுந்து நின்றார்.

"ஏலே, எங்கலே ஓடுற? போய்ப் படுலே! அதைப் பாக்கத்தான் பாம்பன்லேருந்து வந்திருக்கோம்!"

"படு! படு!" என்று ஊரே கத்தியது. நான் சூசை மாமாவைப் பார்த்தேன். அவர் கம்பால் கல்லறையைக் காட்டினார். திரும்பி நடந்து போய், அதற்குள் கல்லறையை விட்டு வெளியே வந்திருந்த அண்ணனின் அங்கி நுனிமேல் படுத்துக்கொண்டேன்.

அண்ணன் குனிந்தான். அவன் வாயைத் திறக்கும் முன்பே கோவில் வாசல் முழுக்க ஒரே குரலில் சொன்னது:

"காலை எடுலே, துணி கிழியுது!"