எட்டு வயதுக்காரிக்கு வக்கீல் நோட்டீஸ்

வக்கீலைவிட வக்கீல் குமாஸ்தாவுக்குத்தான் சட்டம் அதிகம் தெரியும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். (அப்படி நம்பியவர்கள் எல்லோருமே குமாஸ்தாக்கள் என்பது வேறு விஷயம்.)

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். என் மகள் வசந்தாவுக்கு எட்டு வயது. பேச்சு திக்கும். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் “உ... உள்ளேன்” என்பாள். பின்பெஞ்சு பாண்டியம்மாள் அதை அப்படியே இழுத்துச் சொல்வாள். வகுப்பே கூடச் சேர்ந்து பாடும். டீச்சரிடம் சொல்லியும் பலனில்லை. வசந்தா பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். பிறகு வீட்டிலும் பேச்சை நிறுத்தினாள். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்.

என் வக்கீலைக் கேட்டேன். ஏழு வயதுக்குள் பிள்ளைகள் செய்வது குற்றமே ஆகாது, அதற்கு மேல் பன்னிரண்டு வரைக்கும் விவரம் தெரியாமல் செய்தால் ஆகாது என்றவர், பேசாமல் அந்தப் பெண்ணின் அப்பாவைப் போய்ப் பார் என்றார். பார்ப்பதாவது! இங்கிலீஷில் மூன்று பக்க நோட்டீஸ் தட்டினேன். ஏழு தினங்களுக்குள் மகளைத் திருத்தவேண்டும், தவறினால் விளைவுகளுக்குத் தாங்களே பொறுப்பு. மற்றக் காகிதங்களோடு சேர்த்து நீட்டினேன். வக்கீல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ரிஜிஸ்டர் தபாலில் போனது.

நான்காம் நாள் வக்கீல் கோர்ட்டில் இருந்தபோது, ஒருவர் ஒரு சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பாண்டியம்மாளின் அப்பா; ரெட்டியார்சத்திரம் பக்கம் கத்தரித் தோட்டக்காரர். மகளைத் திண்டுக்கல்லில் தங்கை வீட்டில் விட்டுப் படிக்கவைத்திருந்தார். இங்கிலீஷ் தெரியாததால், கவரில் இருந்த விலாசத்தை விசாரித்துக்கொண்டு எங்களிடமே வந்துவிட்டார். நான் எழுதியதை நானே வாசித்துத் தமிழில் சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“பிள்ளைய செயில்ல போட்ருவாகளாய்யா?”

மாட்டார்கள் என்றேன்.

“நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லிருந்தா நானே கண்டிச்சிருப்பேனே. அவுக வீட்டைக் காட்டுங்கய்யா, மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்.”

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வழியில் சொல்லிவிடலாம் என்று, ஐந்து நிமிட தூரத்தை நாலு தெரு சுற்றிக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு முக்கிலும் வாயைத் திறந்து வெயிலைப் பற்றிப் பேசினேன். அந்த வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். கொஞ்சம் அவசரக்காரர் என்றேன்.

கதவைத் திறந்த என் மனைவி, “என்ன, இன்னைக்கு இம்புட்டுச் சீக்கிரம் வந்துட்டீக?” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த கவரைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மகளை முன்னால் தள்ளினார்.

பாண்டியம்மாள் பயத்தில் “த... தப்...” என்றாள். மேலே வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற வசந்தா வெளியே வந்தாள்.

“மெ... மெதுவாச் சொல்லு.”

பல நாளைக்குப் பிறகு அவள் குரலைக் கேட்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. (குமாஸ்தா அழக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.)

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனாள். பெயர் கூப்பிட்டபோது யாரும் சிரிக்கவில்லையாம். சிரித்தால் பாண்டியம்மாள் குட்டுவாள். குட்டுப்பட்ட பிள்ளைகளின் அப்பாக்கள் யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை. என்னைவிட விவரமானவர்கள்.

பத்து வருஷம் கழித்துப் பாண்டியம்மாளின் கல்யாணப் பத்திரிகை ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. ஓரத்தில் அவள் கையெழுத்து: ‘குடும்பத்தோடு வரவும். தவறினால் விளைவுகளுக்குத் தாங்களே பொறுப்பு.’

இன்றும் எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவது இந்த வாசகத்தைச் சொல்லித்தான். வசந்தா கூப்பிட்டால் ‘விளைவுகளுக்கு’ வரும்போது திக்கும். சாதம் ஆறினாலும் அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்போம்.