இருபத்தொரு குடமும் மின்னல் சித்தரும்

சுங்குவார்சத்திரத்தில் பஸ் நின்றதும் கண்டக்டர், "மின்னல் சித்தர்லாம் எறங்கு!" என்று கத்துவார். பாதி பஸ் காலியாகும். இது தொண்ணூற்றொன்றாம் வருஷத்துக் கதை. ஊருக்கே கரண்ட் போனாலும் சித்தர் கொட்டகையில் மட்டும் சக்தி போகாது. சக்திக்கு மீட்டரும் கிடையாது. கொடுத்துவைத்த மனுஷன்!

சித்தர் கையில் எடுத்த நோய் பெண்களின் 'அடி இறக்கம்'. பிள்ளை பெற்ற மறுமாதமே சூளைக்குப் போய்ச் செங்கல் சுமந்தால் கருப்பையைத் தாங்கும் தசை தளர்ந்துபோகும், கருப்பை கீழே இறங்கும். நடந்தால் வலி, இருமினால் மூத்திரம், வெளியே சொன்னால் வெட்கம். பாதிப் பேர் புருஷனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். அந்த வெட்கத்தைத்தான் சித்தர் மோப்பம் பிடித்தார்.

"துணி வெலக்க வேணாம், வாயத் தொறந்து சொல்லவும் வேணாம். சூலத்தத் தொடு. மின்னல் உள்ள பூந்து எறங்குனதத் தூக்கி வெச்சிரும்" என்றார்.

கையில் ஷாக் அடித்தால் கருப்பை மேலே ஏறுமாம்! அப்படியானால் காலில் எண்ணெய் தேய்த்தால் தலைவலி போக வேண்டுமே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் சாமி குற்றம்.

சடங்கைக் கேளுங்கள். வந்தவள் தன் கையாலேயே கிணற்றிலிருந்து இருபத்தொரு குடம் தண்ணீர் சுமந்து வந்து, பீடத்துக்கு முன்னால் கிடக்கும் கயிற்றுப் பாயில் ஊற்ற வேண்டும். ஈரக் காலோடு அதன்மேல் நின்று சூலத்தைத் தொட வேண்டும். நாற்பத்தெட்டு நாள் இப்படி. சுமை தூக்கி வந்த நோய்க்குச் சுமை தூக்குவதே மருந்து! சித்தர் மரப் பீடத்தில் உட்கார்ந்திருப்பார். இடுப்புக்குக் கீழே காவித் துணி தரைவரை தொங்கும். அருள் வந்ததும் அவர் முழங்கால் கடகடவென்று ஆடும், சிஷ்யன் எல்லப்பன் உடுக்கையைப் போட்டு அடிப்பான், தொட்டவள் "அம்மா!" என்று துள்ளுவாள், கூட்டம் "சக்தி!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

சூளையில் வேலை செய்யும் சரோஜாவுக்கு அன்று இருபதாம் நாள். நாலு பிள்ளை பெற்றவள். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் அந்த வார வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். "கத்தி பட்டா மின்னல் செத்துப்பூடும்" என்று சித்தர் தடுத்துவிட்டார். அவள் புருஷன் ரகுபதி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். குடம் தூக்கித் தூக்கி, இறங்கியது முழுக்க வெளியே வந்து, துணியில் உராய்ந்து ரத்தம் கசிந்தது. இரண்டு நாளாக மூத்திரமும் சரியாகப் போகவில்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

அன்றைய குடங்களையும் ஊற்றிவிட்டுத் திரும்பியவளைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தையல்கடை ரோஸி பார்த்தாள்.

"இன்னாடி, கால அகட்டிக்கினு நிக்கிற? இன்னா ஆச்சு?"

சரோஜா அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள். ரோஸிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடிப் பாவி! எனக்கும் இது வந்துச்சுடி. பட்டணத்து ஆஸ்பத்திரில கரண்ட்டும் வெச்சாங்க. கையில இல்ல, தளந்த எடத்துலயே. வலிக்கவே வலிக்காது, எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்கும். தசை தானா சுருங்கும். அப்பறம் நீயே இழுத்துப் புடிச்சுப் பழகுன்னாங்க. தெனமும் பழகுனேன், மூணு மாசம். எனக்குக் கொஞ்சந்தான் எறங்கி இருந்துச்சு, அடங்கிடுச்சு. முழுசா வெளிய வந்தவங்களுக்கு இந்த மிஷின் பத்தாதுன்னு அந்த டாக்டரம்மாவே சொன்னாங்க. நெஜ மிஷினே என்னால முடியாதுன்னு ஒத்துக்குது. உன் சாமி மட்டும் ஒத்துக்க மாட்டாரா?"

"கையில சுரீர்னு ஏறுதுக்கா. அது பொய்யா?"

"வா, நானும் பாக்கறேன்."

கொட்டகையில் ரோஸி சூலத்தைப் பார்க்கவில்லை. சித்தரின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாகத் தையல் மிஷின் மிதிப்பவள் அல்லவா! குதிகால், முன்கால், குதிகால், முன்கால். அருள் வந்த காலா இது? ஜாக்கெட் தைக்கிற கால்!

அவள் முறை வந்தது. முந்தானையால் கையையும் காலையும் நன்றாகத் துடைத்தாள். ரப்பர் செருப்பைப் பாயில் போட்டு, அதன்மேல் ஏறி நின்று சூலத்தைப் பிடித்தாள். உடுக்கை அலறியது. முழங்கால் பறந்தது. ரோஸி கொட்டாவி விட்டாள்.

"பாவி! சர்ச்சுக்குப் போறவ! நம்பிக்கை இல்லாதவளுக்குச் சக்தி எறங்காது!" என்று சித்தர் சீறினார்.

"அப்டியா சாமி?" ரோஸி செருப்பை உதறினாள். ஒரு சொம்புத் தண்ணீரைக் கையிலும் காலிலும் ஊற்றிக்கொண்டு மறுபடி பிடித்தாள். "ஐயோ!" என்று துள்ளி விழப்போனவள், சுதாரித்துக்கொண்டு சிரித்தாள். "பாத்தீங்களா? ஒரு சொம்புத் தண்ணில எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு!"

யாரோ சிரித்தார்கள். சக்தி பீடத்தில் அதற்கு முன் யாரும் சிரித்ததில்லை.

"இப்ப நீங்க எறங்கி வாங்க சாமி. ஈரக் காலோட உங்க சூலத்த நீங்களே தொடுங்க. மேல நான் குந்திக்கிறேன்."

"சித்தர் பீடம் எறங்கக் கூடாது. ஐதீகம்!"

கூட்டத்தில் நின்ற ரகுபதி பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். புடவையில் ரத்தம். அவர் பீடத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"எறங்கு சாமி. இவ இருபது நாளா நானூத்தி இருபது கொடம் சொமந்தா. நீ ஒரே ஒரு படி எறங்க மாட்டியா?"

இரண்டு பேர் தோளைப் பிடித்து இறக்கினார்கள். காவித் துணி விலகியது. அடடா, சக்தியின் தரிசனம்! தையல் மிஷின் மிதிகட்டை, ஒரு பெல்ட், கையால் சுற்றும் பழைய டெலிபோன் டைனமோ; மிதித்தால் அது சுற்றும், சுற்றினால் கரண்ட். ஒரு ஒயர் சூலத்துக்கு, இன்னொன்று பாய்க்கு அடியில் இருந்த இரும்புத் தகட்டுக்கு. ரோஸி பீடத்தில் ஏறி மிதிகட்டையில் காலை வைத்தாள்.

"தொடுங்க சாமி."

சித்தர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "வேணாம்மா! மிதிக்காத! ஷாக் அடிக்கும்!"

உடுக்கை எங்கே என்று பார்த்தார்கள். எல்லப்பனோடு அது எப்போதோ பஸ் ஏறிவிட்டிருந்தது.

சரோஜாவை அன்றைக்கே காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா சீழ் புடிச்சு உசுருக்கே ஆபத்தாயிருக்கும்" என்று டாக்டர் திட்டித் தீர்த்தார். புண்ணை ஆற்றிய பிறகுதான் ஆபரேஷன். பிழைத்து வந்தாள். ஆறு மாசம் குடம் தூக்கக் கூடாது என்று உத்தரவு. அதுமுதல் அந்த வீட்டில் தண்ணீர் எடுத்தது ரகுபதி. "ஆம்பள கொடம் தூக்கறான் பாரு" என்று குழாயடியில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவருக்குப் புத்தி வந்துவிட்டது.

சிரித்தவர்கள் அடுத்த வாரமே தண்டலம் பஸ்ஸில் ஏறினார்கள். அங்கே எலுமிச்சம்பழத்தை நடக்கவைக்கிற சாமியார் ஒருவர் வந்திருக்கிறாராம். போகிறவர்களே, ஒரு வார்த்தை. சூலத்தைத் தொட்டீர்கள், ஷாக் அடித்தது. ஒரு தடவை மூளையையும் தொட்டுப் பாருங்கள். பயப்படாதீர்கள், அது அடிக்காது!